வேலியும் கடப்பும்: ஊரடங்குக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையின் அயல்வாழ்வு

ஊரடங்கு என்னுஞ் சொல் மட்டக்களப்பு மக்களுக்குப் புதியதன்று. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் நீண்ட போர்க்காலம் முழுவதும் அச்சொல் சுற்றிவளைப்பு, தேடுதல், ஆட்கள் காணாமற் போதல் ஆகியவற்றோடு சேர்ந்தே இங்கு வழங்கிற்று. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கொழும்பின் நடுத்தர வகுப்பினர் பலர் அதனை முன்னறியாத ஓர் அனுபவமாகவே கண்டனர். வாவிக்கரையில் நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் அது அவ்வாறு இருந்திருக்க முடியாது. வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி உண்டு, மண்ணெண்ணெய் உண்டா, தெருவால் போகாமல் எந்த வளவுக்குள்ளால் எங்கு போகலாம் என்பன அவர்களுக்கு மனப்பாடமான கணக்குகள்.

எனினும் இரு ஊரடங்குகளுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. போர்க்கால ஊரடங்கு மக்களைத் தெருவிலிருந்து உள்ளே துரத்தியது. உள்ளே சென்றபின் அவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்திருப்பதை அது தடுக்கவில்லை. அச்சமே அவர்களை ஒரு கூரையின் கீழ் ஒன்றுசேர்த்தது. 2020இன் ஊரடங்கோ அடுத்த வீட்டாரோடும் சேராதிருக்கும்படி கோரிற்று. 'வீட்டிலிருங்கள்' என்ற அறிவித்தல் வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் திரும்பத் திரும்ப ஒலித்தது. அவ்வறிவித்தலை எழுதியோர் 'வீடு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொண்டனர் என்பதும், வாவிக்கரை மக்கள் அதற்கு என்ன பொருள் கொண்டனர் என்பதும் ஒன்றல்ல. இப்பொருள் வேறுபாட்டையும், அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தைச் சிறிது நோக்குதல் தகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி நிலத்தை இரு கரைகளாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை; வாவிக்கு மேற்கே வயல்களும் காடுகளும் பரந்த நிலம் படுவான்கரை. நகரின் மையமான புளியந்தீவு வாவிக்குள்ளேயே ஒரு தீவாக உள்ளது. கல்லடி, நொச்சிமுனை, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய், காத்தான்குடி, ஆரையம்பதி எனத் தெற்கு நோக்கி நீளும் புறநகர்ப் பகுதிகள் எழுவான்கரையிலே ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தமிழ் ஊர் எங்கே முடிந்தது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்கிற்று என்பது வெளியூரவருக்குத் தெரியாது. உள்ளூரவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். இம்மக்களுட் பலருக்கு வயல் படுவான்கரையில், வேலை நகரில், மீன் வாவியில். 1924இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலம், 2013இல் அதனருகே திறக்கப்பட்ட புதிய பாலம், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் ஆகியவையே இத்தொடர்புகளின் நரம்புகள். பாலத்தில் ஒரு தடை போட்டால் ஊரே நின்றுவிடும் என்பதைப் போர்க்காலம் கற்பித்திருந்தது. 2020இல் அது மீண்டும் நிரூபணமாயிற்று.

இனி, வீடு பற்றி. கிழக்கிலங்கையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி அமைப்பினைப் பேணி வருவோர் என்பதும், மணமான ஆண் மனைவியின் வீட்டிலேயே குடிபுகுகின்றான் என்பதும் மானிடவியலாளர் நன்கறிந்த செய்திகள். நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலிலும், பின்னர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூலிலும் இவ்வமைப்பு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இதன் பழைய சட்ட வடிவமாகிய முக்குவர் சட்டத்தினை 1876இல் கிறிஸ்தோபர் பிரிற்றோ தொகுத்து வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட விவாகவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. சட்டம் போயிற்றேயொழிய அதன் உள்ளீடு சீதன வழக்கமாக நின்று நிலைத்தது. பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்தே மணஞ்செய்து வைத்தல் வேண்டும். மூத்த மகளுக்குப் பெற்றோர் தாம் வாழும் வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு இளைய பெண்களோடு அங்கு செல்வர். இளையவளுக்கு மணமாகும்போது அதுவும் கைமாறும்.

இவ்வழக்கத்தின் விளைவாகத் தோன்றும் குடியிருப்பின் உருவம் நமது ஆய்வுக்கு முக்கியமானது. அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வோர் பெரும்பாலும் சகோதரிகள், அவர்தம் தாய், தாயின் சகோதரிகள், அவர்களுடைய பெண்மக்கள். ஆண்களோ வேறு வளவுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். வேலிகள் எல்லைகளைக் காட்டுகின்றனவாயினும், அவற்றினூடே ஆள் நுழையத்தக்க ஓர் இடைவெளி, கடப்பு என்றோ வெறும் வழியென்றோ சொல்லப்படுவது, இருக்கும். மதில் கட்டியோர்கூடப் பின்புறத்தே ஒரு சிறு படலை விட்டுவைப்பர். அதனூடே கறி போகும், நெருப்பு போன காலமும் ஒன்றிருந்தது, பிள்ளை போகும், சண்டையும் போகும். காத்தான்குடி போன்ற மிக நெருக்கமான முஸ்லிம் ஊர்களில் வளவு சுருங்கி மாடியாக எழுந்துவிட்டது. அங்கும் கீழே உம்மா, மேலே மகள் என்ற அடுக்கில் அதே அமைப்பினைக் காணலாம். உலைகள் பல, அரிவாள்மணை வேறு வேறு, ஆயினும் பிள்ளைகள் எந்த வீட்டில் உண்டார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பெரியம்மா, சின்னம்மா, சாச்சி என்ற சொற்கள் இங்கு தாயின் மறுபெயர்களாகவே இயங்குகின்றன.

அரசின் கணக்கில் இவ்வலகு இல்லை. கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருப்பது குடும்பம். அதற்கு ஒரு தலைவர், ஓர் அட்டை. வரலாற்று நோக்கில் இதுவும் ஒரு மாற்றமே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு ஆளுக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்பட்டது. அதன் விலையை உயர்த்தப்போய் 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலை ஆட்சியாளர் எதிர்கொள்ள நேர்ந்தது. 1979இல் பங்கீடு ஒழிந்து உணவு முத்திரை வந்தபோது குடும்ப வருமானம் அளவுகோலாயிற்று. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும எனப் பெயர்கள் மாறினும் குடும்பம் என்ற அலகே நிலைத்தது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் வழங்கப்பட்ட 5,000 ரூபாக் கொடுப்பனவும் இப்பதிவேட்டின் வழியாகவே வந்தது. ஒரே வளவில் இரு சகோதரிகள் இருந்து, ஒருத்தியின் பெயர் பட்டியலில் இருந்து மற்றவளின் பெயர் இல்லாதொழிந்தால், அப்பணம் வளவுக்குள் வந்தபின் இரண்டாகப் பிரிந்தது. இப்பிரிப்பு எந்த அறிக்கையிலும் பதிவாகவில்லை.

ஊரடங்கின் நாளாந்த இயக்கத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஊரடங்கு இடையிடையே சில மணித்தியாலங்களுக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. அவ்வேளைகளில் கடைத்தெருவில் கூடிய நெருக்கத்தைக் கண்டு மக்களுக்கு ஒழுங்கில்லை என்று குறைபட்டோர், நாட்கூலிக்காரன் ஒரு கிழமைச் சாமானை ஒருநாளில் வாங்கப் பணத்துக்கு எங்கே போவான் என்று கேட்டதில்லை. 2021 மே மாதத்தில் தேசிய அடையாள அட்டையின் இறுதி இலக்கத்தைக் கொண்டு வெளியே செல்லும் நாளைத் தீர்மானிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. தனித்து வாழும் குடும்பத்துக்கு இது ஒரு தடை. நான்கைந்து அட்டைகள் உள்ள ஒரு வளவுக்கோ அது அத்துணைத் தடையன்று: ஒற்றை இலக்கக்காரி ஒரு நாளும் இரட்டை இலக்கக்காரி மறுநாளும் செல்லலாம். மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒருத்தி வாங்கிவரலாம். சட்டம் ஒரு வீட்டை நோக்கி எழுதப்பட்டது. அதனை நிறைவேற்றத்தக்கதாக்கியது வேலியினூடான வழியே. ஆனால் அந்த வழியினூடே போவதே சட்டப்படி குற்றமாயிற்று என்பதும் நோக்கற்பாலது. 2020இல் ஊரடங்கை மீறினரென நாடெங்கும் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர்.

பொருட்களின் கதையும் சுவையானது. 2020 மார்ச்சில் பருப்பு கிலோ 65 ரூபா, தகர மீன் 100 ரூபா என அரசாங்கம் உச்சவிலை விதித்தது. விலை தாழ்ந்தது, சரக்கு கடையில் இல்லாது போயிற்று. சில வாரங்களிலேயே கட்டுப்பாடு கைவிடப்பட்டது. மஞ்சளின் நிலை இதனினும் விநோதம். உள்ளூர் உற்பத்தியைப் பெருக்குதற்பொருட்டு 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. தொற்று வந்ததும் வாசலில் மஞ்சள்நீர் தெளிக்க வேண்டுமென்ற எண்ணம் எங்கும் பரவ, மஞ்சள் கிலோ சில ஆயிரம் ரூபாவாக ஏறிற்று. கறிக்கு இடும் மஞ்சளையே தேக்கரண்டியில் அளந்து கைமாற்றுக் கொடுக்கும் நிலை வந்தது. (நம்பிக்கையும் இறக்குமதிக் கொள்கையும் ஒரே நேரத்தில் ஒரு சரக்கின்மீது இறங்கினால் என்ன நேரும் என்பதற்குப் பொருளியல் மாணவர் இதனை எடுத்துக்காட்டலாம்.) வளவில் நின்ற முருங்கையும் ஈரப்பலாவும் மரவள்ளியும் இக்காலத்தில் பெற்ற மதிப்பு அதற்குமுன் பல ஆண்டுகளாகப் பெறாதது. முருங்கை எவர் வளவில் நின்றது என்பதன்று, எத்தனை வீட்டுக்கு அது காய்த்தது என்பதே கேள்வியாயிற்று.

வேளாண்மைக்கும் மீன்பிடிக்கும் ஊரடங்கில் விலக்களிக்கப்பட்டது உண்மையே. ஆயினும் தோணியில் இறங்க அனுமதி பெற்றவனுக்குப் பிடித்ததை விற்கச் சந்தை இல்லை. வாவியின் இறாலும் நண்டும் வெளியூர் வியாபாரிகளையும் விடுதிகளையும் நம்பியவை. அவ்வழி அடைபட்டபோது கரையோர வீடுகளில் சில நாட்கள் இறால் மலிந்தது, அரிசி இல்லை. 2020 ஒக்டோபரில் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்றுப் பரவியபோது நிலைமை மோசமாயிற்று. அம்மாத இறுதியில் வாழைச்சேனைப் பகுதியில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. மீனே நோயைக் காவுகிறது என்ற எண்ணம் பரவி நாடெங்கும் மீன் விற்பனை வீழ்ந்தது. நவம்பரில், முன்னர் மீன்பிடித் துறைக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் திலிப் வெதஆராச்சி செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துண்டு காட்டினார். பத்திரிகைகள் அதனை வேடிக்கையாக வெளியிட்டன. கரையில் வலையை உலர்த்திவிட்டு இருந்தவனுக்கு அது வேடிக்கையன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மேற்கூறியவற்றைக் கொண்டு நமது மக்களின் கூட்டுவாழ்வுப் பண்பினைப் புகழ்ந்து அமைதிகொள்வது எளிது. இடர்கள் நேரும்போதெல்லாம் 'மக்களின் தாங்குதிறன்' என்று தொண்டு நிறுவன அறிக்கைகள் வியப்பதையும் நாம் அறிவோம். மக்கள் தாங்கினர் என்பதற்கும் மக்கள்மீது சுமத்தப்பட்டது என்பதற்கும் வேறுபாடுண்டு. வளவுகளின் தொகுதி தாங்கியது எனின், அதற்குள் தாங்கியவர் யார்? உணவு சமைத்தல், பகிர்தல், முதியோரைப் பேணுதல், தொழிலற்று வீட்டில் இருந்த ஆண்களின் எரிச்சலைச் சமாளித்தல், பாடசாலை மூடப்பட்ட பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியில் வரும் பாடத்தைக் காட்டுதல் ஆகிய யாவும் பெண்களின் ஊதியமற்ற உழைப்பாகவே நிகழ்ந்தன. ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி மூன்று வீட்டுப் பிள்ளைகள் இருந்தனர். மூவருக்கும் ஒரே நேரத்தில் பாடம் இருந்தது. எந்தப் பிள்ளை விட்டுக்கொடுத்தது என்பதை ஆராய்ந்தால் அதுவும் பெரும்பாலும் பெண்பிள்ளையாகவே இருக்கும் என ஊகிக்க இடமுண்டு.

நுண்கடன் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். போரின் பின் கிழக்கிலே வேரூன்றிய நுண்கடன் கம்பனிகள் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருத்தியின் கடனுக்கு மற்றவர்களைப் பொறுப்பாளிகளாக்கிக் கடன் கொடுத்தன. அக்குழு வேறெங்கிருந்தும் வருவதன்று, அயலிலிருந்தே வருவது. மணமான சகோதரிகளும் மச்சாள்மாரும் ஒருவருக்கொருவர் கையெழுத்திட்டனர். தலைமுறை தலைமுறையாகக் கறியும் பிள்ளையும் போய்வந்த வேலி இடைவெளி, இவ்வாறு கடனுக்கு ஈடாக அடகு வைக்கப்பட்டது. கிழமைதோறும் வசூலிக்க வருபவர் ஒருத்தியிடம் பணமில்லையெனில் அடுத்த வீட்டில் கேட்பார். 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் ஏற்க முன்வந்ததே இப்பிரச்சினையின் ஆழத்தைக் காட்டும். 2020 மார்ச்சில் கடன் அறவீட்டுக்குத் தவணை வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டது. ஆனால் தவணை என்பது தள்ளுபடியன்று. நின்ற மாதங்களுக்கும் வட்டி ஏறிற்று. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் தொடர் சத்தியாக்கிரகத்தில் இறங்கினர். உதவியும் கடனும் ஒரே உறவின்மீது ஏற்றப்பட்டிருந்தமையால், இக்காலத்தில் ஒரு வளவு உடைந்தபோது அது நோயினால் உடைந்ததா, கடனால் உடைந்ததா என்று பிரித்துக் கூறல் அரிது.

வெளிநாட்டுழைப்பும் இவ்வமைப்பின் மீதே நிற்கின்றது. மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவள் பிள்ளைகளைத் தன் தாயிடமோ சகோதரியிடமோ விட்டே செல்கிறாள். 2020இல் விமானப் போக்குவரத்து நின்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையுமின்றி, திரும்பவும் வழியின்றி அந்நாடுகளில் அகப்பட்டுக்கொண்டனர். அனுப்பும் பணம் நின்றது, பிள்ளை நின்றது. கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம்பெண்கள் வாடகை அறைகளில் தங்கிவிட நேர்ந்தது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் இவ்விரு தொழில்களும் முதலிடத்தன. இவற்றை இயலுமாக்கும் அம்மம்மாவின் உழைப்புக்கு அக்கணக்கில் இடமில்லை.

தாய்வழி வளவுகளின் தொகுதிக்கு வெளியே நின்றோர் நிலை என்ன? இதற்கு விடைகாணத் திராய்மடுவை நோக்கலாம். கடலுக்கும் வாவிக்கும் இடையே, முகத்துவாரத்தை ஒட்டிய நாவலடி 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையால் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. எஞ்சியோர் பலர் நகருக்கு வடக்கே திராய்மடுவில் அமைந்த புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டு ஒழுங்காக ஒதுக்கப்பட்டன. சகோதரிகள் அடுத்தடுத்து அமைய வேண்டுமென்ற விதி அவ்வொழுங்கில் இருக்கவில்லை. இன்னொன்றும் நிகழ்ந்தது. பழைய ஊரில் வீடும் வளவும் பெண்ணுடையவை. புதிய குடியிருப்புகளிலோ உரிமை 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில், அதாவது பெரும்பாலும் ஆணின் பெயரில், எழுதப்படலாயிற்று. மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் இதனை அப்பொழுதே எதிர்த்தன. ஆனால் அரச காணிகளை நிருவகித்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆணுக்கே முதலிடம் கொடுத்தது. அது திருத்தப்பட்டது 2022இலேதான். இடையில் உதவி வந்தது, கற்சுவர் எழுந்தது, மின்சாரம் வந்தது. தாய்வழி வளவு மட்டும் மீளவில்லை. 2020 வந்தபோது, 'வீட்டிலிருங்கள்' என்ற கட்டளைக்கு அதன் எழுத்தின்படி பொருந்திய வீடுகள் இங்கேதான் இருந்தன எனலாம்: தனித் தனி, சுற்றிலும் அந்நியர். அங்கே பசி தனித் தனியாகவே இருந்தது. வாடகை வீட்டினர், பிற மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்து அகப்பட்டோர் ஆகியோரும் இந்நிலையினரே. தாய்வழி வளவு எல்லாரையும் உள்வாங்குவதன்று. குடி பார்த்து, சாதி பார்த்து, மதம் பார்த்தே அது உள்வாங்கும். இதனை மறைத்து அதனைப் போற்றுதல் நேர்மையாகாது.

நோயுற்றோரை ஒதுக்குதல் என்ற கருத்தும் இங்கு இறக்குமதியானதன்று. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவர். அதைக் கண்டவர் உள்ளே செல்லார். ஆனால் அவ்வேப்பிலை அயலாருக்கு ஒரு கடமையையும் அறிவித்தது: இளநீரும் கஞ்சியும் வாயில்வரை வரவேண்டும், தாளிப்பும் பொரிப்பும் அடுத்த வீட்டிலும் தவிர்க்கப்பட வேண்டும். வைகாசியில் நடைபெறும் கண்ணகி அம்மன் சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடுவது, வெம்மையையும் நோயையும் ஊர்முழுவதிலுமிருந்து ஒருசேரத் தணிப்பதற்கே. நோய் ஊருக்கு வந்தது, ஒருவருக்கு வந்ததன்று என்பது அச்சடங்கின் உட்கிடை. (2020 வைகாசியில் ஆலயங்களில் ஆட்கள் கூடுவதற்குத் தடை இருந்தமையால் ஊர் கூடாமலே குளிர்த்தி பாடும் நிலை தோன்றியது.) பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டு வாயிலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவித்தலும் உருவத்தில் வேப்பிலையை ஒத்தது. அதன் அதிகாரம் 1897ஆம் ஆண்டு 3ஆம் இலக்கத் தொற்றுக்காப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்தது. அது விலகு என்று மட்டுமே சொல்லிற்று. யார் கஞ்சி கொண்டுவருவது என்பதை அது சொல்லவில்லை. பரிசோதகர்கள் பலர் தம் ஆபத்தையும் பாராது உழைத்தனர் என்பதில் ஐயமில்லை. குறை அவர்களுடையதன்று. தொற்றுத் தடுப்பின் தேசிய நடவடிக்கை மையம் இராணுவத் தளபதியின் தலைமையில் இயங்கிய ஒரு நாட்டில், சுகாதாரம் காவற்பணியின் மொழியைப் பேசியதில் வியப்பில்லை. 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டபோது, இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து வீடு வீடாகச் சென்றனர். அவ்வியக்கத்திலிருந்தே லங்கா சமசமாஜக் கட்சி வலுப்பெற்றது. 2020இல் நமது முற்போக்கு அணிகளிடம் அத்தகைய அமைப்புப் பலம் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஒதுக்குதல் இனத்தின் வழியிலும் சென்றது. 2020 மார்ச்சில் வெளிநாடுகளிலிருந்து வந்தோரைத் தங்கவைக்கப் புனானையில் தனிமைப்படுத்தல் நிலையம் திறக்கப்பட்டபோது மாவட்டத்தில் அச்சமும் எதிர்ப்பும் எழுந்தன. அதற்கு ஓராண்டு முன்னர், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின் தமிழ், முஸ்லிம் அயலூர்களிடையே கொடுக்கல் வாங்கல் குறுகியிருந்தது. அந்த வடு ஆறுமுன்னரே தொற்று வந்தது. 2021 தொடக்கத்தில் காத்தான்குடியில் பல பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடையிலோ, காத்தான்குடிக்கும் மஞ்சந்தொடுவாய்க்கும் இடையிலோ உள்ள எல்லை ஒரு தெருவின் அகலமே. மரக்கறி ஒரு பக்கம், துணியும் பலசரக்கும் மறுபக்கம் என நாள்தோறும் கடக்கப்பட்ட தெரு அது. அதிலே கயிறு கட்டப்பட்டபோது, கயிற்றை நோய்க்குக் கட்டியதாகச் சிலரும் முஸ்லிமுக்குக் கட்டியதாகச் சிலரும் விளங்கிக்கொண்டனர்.

இவ்விரண்டாவது விளக்கத்துக்கு அரசே உரமிட்டது. 2020 ஏப்ரல் 11ஆந் திகதி வர்த்தமானி மூலம், கொரோனாவால் இறந்தோரின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. அடக்கத்தினால் தொற்றுப் பரவும் என்பதற்கு ஆதாரம் இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இரு முறைகளையும் அனுமதித்திருந்தது. இது முஸ்லிம்களின் சமயப் பிரச்சினையாக மட்டும் பேசப்பட்டது. ஆனால் மட்டக்களப்பிலே கிறிஸ்தவர் மட்டுமன்றி இந்துத் தமிழரிடையேயும் அடக்கஞ்செய்யும் வழக்கம் உண்டு. அதனினும் மேலாக, இறப்பு என்பது இங்கு அயலின் காரியம். இறந்தவர் வீட்டில் அடுப்பு எரியாது; அயலவரே சமைத்துக் கொண்டுவருவர். ஜனாஸாவைக் குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் உறவினரும் அயலவருமே. எரிப்பு ஆணை ஒரு சமயக் கிரியையைத் தடுத்ததோடு நில்லாது, அயலவரின் இறுதிக் கடமையையும் பறித்தது. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி, தமிழர் கோரிக்கைகளோடு இவ்வாணையை நீக்கவேண்டுமென்ற கோரிக்கையையும் ஏந்தியது. அது கிழக்கின் முஸ்லிம் ஊர்களினூடே சென்றபோது அவ்வூர் மக்களும் அதிற் கலந்துகொண்டனர். 2019இன் பின் இரு சமூகத்தவரும் ஒரே கோஷத்தின் கீழ்த் தெருவில் நடந்தமை அரசியல் நோக்கர் போதிய அளவு கவனியாத நிகழ்வாகும்.

அம்மாத இறுதியில் ஆணை தளர்த்தப்பட்டது. ஆயினும் அவரவர் ஊரில் அடக்கஞ்செய்ய விடப்படவில்லை. நாடு முழுவதற்குமாக மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் ஓரிடம் ஒதுக்கப்பட்டு, 2021 மார்ச் 5ஆந் திகதி தொடக்கம் உடல்கள் அங்கு கொண்டுவரப்பட்டன. ஓராண்டின் பின், 2022 மார்ச்சில் அவ்வேற்பாடு முடிவுற்றபோது 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கஞ்செய்யப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அவர்களுள் உளர். கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில். ஓட்டமாவடியில் அடக்கப்பட்டவர்களின் மக்கள் கொழும்பு, கண்டி, காலி எனத் தூர இடங்களில் வாழ்கின்றனர். உயிரோடிருந்தபோது ஒருவரையொருவர் அறியாதோர் அங்கே, எண் பொறித்த கற்களின் கீழ், அடுத்தடுத்துக் கிடக்கின்றனர். அவர்கள் அயலைத் தெரிந்தெடுத்தவர்கள் அதிகாரிகள்; அதனைப் பேணி வருவோர் அவ்வூர் மக்கள்.